கை தட்டிப் பார்த்த வீடு

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை இந்தப் புது வீட்டின் திறப்பு கைக்கு வந்தது. அதைப் பூட்டில் போட்டுக் கதவைத் திறந்து வெறும் ஹோலுக்குள் நுழைந்ததும் என் கைகள் தாமாகவே ஒருதரம் தட்டின. அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, தகரத்தைச் சுண்டியதுபோலக் கிணுகிணுத்து அடங்கியது. "என்னப்பா, காகம் கலைக்கிறீரோ?" என்று பின்னால் பெட்டியோடு வந்த இவர் கேட்டார்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். சந்தோஷப்படாதேயுங்கோ. உங்களை நினைத்து நான் தட்டவில்லை. ஊருக்கெல்லாம் ஒட்டவைத்த உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் செத்து ஆறு மாதமாகிறது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கும்போதே நாலு பேருக்கு முன்னால் உங்களைத் திட்டியவள் நான். அதில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பதினேழு வருடம் இருந்த வீடு அண்ணை, நாங்கள் விட்டுவந்த அந்தப் பழைய வீடு. நான் சமைக்கிற முதியோர் இல்லத்துக்குப் பத்து நிமிட நடை. இப்போது டுசல்டோர்ஃபின் மறுகோடியிலிருந்து, ஒரு ட்ராமும் ஒரு பஸ்ஸும் மாறிப் போகிறேன். இருட்டோடு எழும்பி, வாயில் பாணைத் திணித்துக்கொண்டு ஓடும் ஒவ்வொரு நாளும் உங்களைத்தான் திட்டிக்கொண்டு படியிறங்கப் போகிறேன்.

இவருக்குப் படப் பைத்தியம். பெரிய டிவி, ஐந்து ஸ்பீக்கர், இடிபோன்ற அடிச்சத்தத்துக்கென்று குளிர்சாதனப் பெட்டிக்குத் தம்பிபோல ஒரு பாஸ் பெட்டி எல்லாம் வாங்கி அடுக்கினார். ஆனால் ஒரு வசனமும் விளங்காது. ஆட்கள் கதைக்கும்போது கூட்டவேண்டும், அடிபடும்போது குறைக்கவேண்டும். சுவரில் ஒட்டினால் சரிவரும் என்று எவரோ சொல்லி, இவர் மாதக்கணக்காக முட்டைப் பெட்டிகளைச் சேர்த்துவைத்திருந்தார். நீங்கள் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "முட்டைப் பெட்டி முட்டைக்குத்தான் ஐசே. அறைதான் பிழை. அறையைத் திருத்தவேணும்."

என்னுடைய அறை பிழையாம்! கட்டடங்களுக்கு உள்சுவர் அடிக்கிற வேலை உங்களுக்கு, அதனால் எல்லார் வீட்டுச் சுவரும் உங்களுடையது. ஹோலின் நடுவே நின்று கை தட்டினீர்கள். காதைச் சாய்த்தீர்கள். என் தரையைப் பிழை சொன்னீர்கள், தோல் சோபாவைப் பிழை சொன்னீர்கள், ஜன்னல் சீலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "உது நுளம்புவலை, தங்கச்சி" என்றீர்கள். கலியாணத்துக்கு வந்த பீங்கான்கள் இருந்த ஷோகேஸைக் கண்டதும், "கண்ணாடி சத்தத்தைத் திருப்பி எறியும். உதைக் கீழை கெல்லருக்குக் கொண்டுபோங்கோ" என்றீர்கள். இவர் அதை அப்படியே கீழ் நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தார். பீங்கானோடு என் வாயும் கெல்லருக்குப் போய்விட்டது என்று நினைத்தீர்களாக்கும்.

அடுத்த சனிக்கிழமை சவரக் கண்ணாடி ஒன்றோடு வந்தீர்கள். என்னைச் சோபாவின் நடுவில் இருத்தி, கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெல்ல மெல்ல நகர்த்தினீர்கள். "கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரிஞ்சா சொல்லுங்கோ. அந்த இடத்திலைதான் சத்தம் சுவரிலை பட்டு உங்கடை காதுக்கு வருது." தெரிந்தது. சொன்னேன். பென்சிலால் புள்ளி போட்டீர்கள். புள்ளி வைத்த இடமெல்லாம் மரச்சட்டம் அடித்து, சுவருக்குள் வைக்கிற பஞ்சுப் பலகையை அதற்குள் அடைத்து, மேலே சாம்பல் துணி இழுத்துக் கட்டி மாட்டினீர்கள். மூலைகளுக்கு என் உயரத்தில் தடித்த பொதிகள். அந்தப் பஞ்சு பட்டு இரண்டு நாள் எனக்குக் கையெல்லாம் கடி, சொறி.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி தட்டினீர்கள், தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது. படத்தைப் போட்டதும், "என்னவாம், என்னவாம்" என்று இவரைச் சுரண்டாமல் வாழ்க்கையில் முதல்தடவை ஒரு படத்தை முழுதாக விளங்கிப் பார்த்தேன். அன்றைக்கே அதோடு எழும்பிப் போயிருக்கலாம் நீங்கள். போகவில்லை. சுவரில் மாட்டியதைத் தட்டிக் காட்டி, "இனி ஒரு சத்தமும் வெளியிலை போகாது. ஞாயிற்றுக்கிழமையும் போடலாம்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சத்தமே போடக்கூடாத இந்த நாட்டில் சுவரில் ஆணி அடிக்கவும் பயப்படுகிற ஆட்கள் நாங்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஞாயிறு பின்னேரங்களில் போட்டோம். பஞ்சு அறைக்குள் எதிரொலியைத்தான் குடிக்கும், பாஸ் பெட்டியின் அடி தரையாலே நேரே கீழே இறங்கும் என்று பிறகு ஒரு கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. முப்பது வருடம் சுவர் அடித்த உங்களுக்கு ஏன் தெரியவில்லை? தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மீசை உதிர்ந்துவிடுமா?

கீழ் வீட்டு அம்மா ஒருநாள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை மறித்தார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "இங்கே இரைகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில்" என்றார். வந்து சொன்னேன். "அவவுக்கு எங்களைப் பிடிக்கேல்லை. வேணுமெண்டு சொல்லுறா" என்றீர்கள். அந்த அம்மாவோ, எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று நாலு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து முதலில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாஸ் பெட்டியை நிறுத்தி ஒரு மாதம் இருந்தோம். "வேற இடத்திலை வைச்சாச் சரி" என்று நீங்கள் அதை மூலைக்கு மாற்றிவைத்தீர்கள். இரண்டாம் கடிதம் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி வந்தது.

இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் இதை வாசித்தால் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பலகைகள் மாட்டிய அன்று நீங்கள்தானே சொன்னீர்கள்: "தங்கச்சி, ஒருக்காக் கீழை போய் அவவின்ரை வீட்டுக்குள்ள நிண்டு கேட்டுப்போட்டு வாங்கோ. நான் இஞ்சை போட்டுக்காட்டுறன்." நான் இறங்கினேன். வீட்டுச் சட்டையோடு நின்றேன், தலையில் எண்ணெய். என் அரைகுறை ஜெர்மனில் என்னவென்று சொல்லி அவர் வீட்டுக்குள் போவது? பாதிப் படியில் நின்றேன். எங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை. இதுபோதும் என்று ஏறிவந்து, "கீழை ஒண்டும் கேக்கேல்லை அண்ணை" என்றேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் "ஞாயிற்றுக்கிழமையும் போடலாம்" என்றீர்கள்.

இரண்டாம் கடிதம் வந்ததும் இனிப்புப் பெட்டியோடு மன்னிப்புக் கேட்கக் கீழே போனீர்கள். அந்த அம்மா சொல்லியிருப்பார், ஒருவரும் ஒருநாளும் வந்து கேட்கவில்லை என்று. மேலே வந்து என்னைப் பார்த்தீர்கள். கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றேன். நீங்கள் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதற்கு மூன்று கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில், நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்க, "உங்களாலைதான் எங்கடை வீடு போச்சு!" என்று கத்தினேன். நான் கீழ் வீட்டுக்குப் போகாதது உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டுதான் கத்தினேன். பக்கத்தில் நின்ற உங்கள் மனைவி, அக்கா, பதறிப்போய், "ஏனப்பா, கீழை ஒருக்காக் கேட்டுப் பாக்கேல்லையே?" என்று உங்களைக் கேட்டா. "இல்லை, நான் பாக்கேல்லை. என்ரை பிழைதான்" என்றீர்கள்.

உங்களை எரித்த அன்று அந்தக் கல் மண்டபத்தில் தேவாரம் ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று மோதி இரைந்தது. பெட்டிக்குள் கிடந்து எவ்வளவு கோபப்பட்டிருப்பீர்கள். கை தட்டிவிடுவேனோ என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா என் தோளில் சாய்ந்து, "ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாம்தானே எண்டு சாகும்வரைக்கும் அந்த மனுசனைத் திண்டுபோட்டன்" என்று அழுதா. நான் அவவின் முதுகைத் தடவினேன்.

இன்றைக்கு இவர் இந்தப் புது வீட்டில் பாஸ் பெட்டியை இணைத்துப் படம் போட்டார். நான் கீழே போனேன். முழுப் படியும் இறங்கினேன். கதவைத் திறந்த போலந்துப் பெண்ணிடம் பிழை பிழையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டு உள்ளே விட்டாள். அவளுடைய ஹோலின் நடுவில் நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சுக்குள் இரைந்தது. என் உள்ளங்கை அங்கே போயிற்று, அந்த அம்மா வைத்த அதே இடத்துக்கு. போனில் இவர், "கேக்குதோ?" என்றார்.

"கேக்குது. நிப்பாட்டுங்கோ."

ஐந்து நிமிடமும் ஆகவில்லை அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போறன். பாதிப் படியில் நின்றதைச் சொல்லப்போறன். அவ என்னை வீட்டுக்குள் விடாமல் விட்டாலும் வாசலில் நின்று சொல்லுவன். அதற்குப் பிறகும் உங்களை மன்னிக்கமாட்டேன். என்னுடைய பிழையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாகச்சொல்லி உங்களை ஆர் கேட்டது?