தம்பிக்குப் போட்ட சோறு

ஒஸ்லோ
04.02.2013

அன்புள்ள தக்சி,

இங்கே ஒரே பனி. உன் மச்சாள் குசினிக்குள்ளேயே குடியிருக்கிறேன். நீ எழுதி அனுப்பிய திருக்கை மீன் வறைச் செய்முறையை என் சமையல் இணையத்தளத்தில் போட்டேன். அந்தக் கைப்பக்குவத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள்! நீ அனுப்பிய சோற்றுத் தட்டுப் படத்தின் கீழே, “என் தம்பி தனஞ்சயனுக்குப் போட்ட சோறு, முருங்கன்” என்று எழுதினேன். எழுதும்போதே அழுகை வந்துவிட்டது.

உன் கடிதத்தைத்தான் காணோம். மச்சாளை மறந்து போனாயோ?

அன்புடன்,
சுபத்திரா

முருங்கன்
26.02.2013

அன்பின் மச்சாள்,

மறக்கவில்லை, பயந்து போனேன். போனில் கதைக்கவும் பயம். இதைக் கொழும்புக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பாலம்மாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

போன மாதம் மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இருவர் வந்து, நீங்கள் போட்ட படத்தைப் போனில் காட்டினார்கள்.

“புருசன் வந்து சாப்பிட்டுப் போறாரோ?”

“இல்லை ஐயா. 2009இலை சண்டை முடிஞ்ச அண்டைக்கு அவரை ஆமியிட்டை நான்தான் கையளிச்சனான். அண்டையிலை இருந்து முதல் சோறு அவருக்குப் போட்டிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுறது. பிறகு அதை நானே சாப்பிடுவன்.”

நம்பவில்லை. எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறேன் என்று சட்டியைத் திறந்து பார்த்தார்கள். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ.

தக்சிகா

ஒஸ்லோ
15.03.2013

என் செல்லம் தக்சி,

உடனே எடுத்துவிட்டேன். ஆனால் வேறு சமையல் தளங்கள் அதைப் பிரதி பண்ணியிருக்கின்றன, படமும் தம்பியின் பெயருமாக. எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கொஞ்ச நாளைக்கு அவனுக்குச் சோறு வைக்காதே. தம்பி கோபிக்கமாட்டான்.

சுபத்திரா

முருங்கன்
09.04.2013

அன்பின் மச்சாள்,

நீங்கள் சொன்னபடி வைக்காமல் விட்டேன். நேற்று, சாப்பிடும் நேரம் பார்த்து அதே இருவரும் வந்தார்கள்.

“எங்கை, இண்டைக்கு அவருக்குச் சோறு இல்லையோ? வரமாட்டன் எண்டு சொல்லிப் போட்டாரோ?” என்று ஒருவர் சிரித்தார். வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம்.

இவ்வளவு காலமும் அவரை எங்கே வைத்து அடிக்கிறார்களோ என்றுதான் பயந்தேன். இப்போது வேறு பயம். என் கையால் கொடுத்த மனிதரை என்னிடமே தேடுகிறார்கள் என்றால், அவர் அவர்களிடம் இல்லை. அப்படியென்றால் அவரை என்ன செய்தார்கள் மச்சாள்?

அவர்கள் போனதும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குச் சோறு போட்டு வைத்தேன். பயத்துக்காக அவரைப் பட்டினி போட என்னால் முடியாது. இனி அறைக்குள்தான் வைப்பேன்.

உங்களில் கோபமில்லை. ஆனால் இனி எழுதாதீங்கோ. வெளிநாட்டு முத்திரையைக் கண்டால் அதையும் கேட்டு வருவார்கள்.

உங்கள் தம்பியின் மனைவி,
தக்சிகா