பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது வீடியோவில் உன்னை மேடையில் பார்த்ததுமே தெரிந்தது, முகம் தெளிந்து கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாய். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தலைமைப் பயிற்சி முடிந்து முப்பது பேருக்கு மேலாளர் ஆகிவிட்டாய், சந்தோஷம். அந்த வீடியோவை உன் சித்திதான் அனுப்பினாள், "அக்கா, உன்னைப் பத்தி மேடையில பேசியிருக்கா, பாரு" என்று. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில், இயந்திரம் ஓடி முடிகிற நேரத்தில், கூட வேலை செய்யும் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தேன். அது என் தப்பு.

மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு நீ பேசினாயே, "சீக்கிரம் சொல்லும்மா, மீட்டிங் இருக்கு" என்கிற நீ "அப்புறம்? அது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாயே, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதே முக்காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்பாகூட "உம் பொண்ணு டாக்டர் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கா, மாத்திரைதான் எழுதித் தரமாட்டேங்கிறா" என்று சிரித்தார். அப்போது அவருக்குக் கேலி பேச வந்தது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் உன்னிடம் கொட்டினேன். பதினோராவது வாரம், அப்பா பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றதைச் சொன்னேன், காலை ஷிப்டுக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதையும் சொன்னேன். நீ "உனக்கு எவ்வளவு பாரமா இருக்கும்னு புரியுதும்மா, என்ன செய்யணும்னு உனக்கே தெரியும்" என்றாய். யோசித்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த வாரம் வருகிறேன் என்பாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கேட்டாய், நன்றாகவே கேட்டாய். அதன் பிறகு உன் போன் வராமலே ஐந்து ஞாயிறு போய்விட்டது.

யார் பேச்சைக் கேட்பது மிகக் கடினமோ அவர் பேச்சைப் பன்னிரண்டு வாரம் கேளுங்கள், தீர்வு மட்டும் சொல்லாதீர்கள் என்று பயிற்சியில் வீட்டுப்பாடம் கொடுத்தார்களாம், நீ என்னைத் தேர்ந்தெடுத்தாயாம், மேடையில் சொன்னாய். "ஒரு வாரம் அம்மா ரொம்பப் பெரிய விஷயம் ஒண்ணு சொன்னாங்க. பழைய நானா இருந்தா அன்னிக்கே டிக்கெட் போட்டிருப்பேன். இப்ப கேட்க மட்டும் கத்துக்கிட்டேன்" என்றாய். அங்கே எல்லோரும் கை தட்டினார்கள். இங்கே விரிப்பு மடிக்கிற பெண் "அந்தப் பெரிய விஷயம் என்னக்கா?" என்று கேட்டாள். என் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

நீ வளர வேண்டாம் என்று சொல்லவில்லை, இருபது வருஷம் ஊரார் ரத்தக்கறையை அலசியது நீ வளரத்தான். ஆனால் நேற்று கதவைத் திறந்தபோது அப்பா செருப்புப் போட்டுக்கொண்டு கதவை ஒட்டியே நின்றார். "யாரோ வெளிய பூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா, போலீஸ்ல சொல்லணும்" என்று என்னிடமே புகார் சொன்னார். சொல்லலாம் என்றேன்.

உன் கீழ் வேலை செய்கிறவர்கள் உன்னை நம்பி இருக்கிறார்கள், நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. பதினாலாம் தேதி டாக்டர் அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார், வீட்டில் இன்னொருவரும் வர வேண்டுமாம். எனக்கு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்காதே. அந்தப் பழைய நீ எங்காவது மிச்சம் இருந்தால், அவளை டிக்கெட் போடச் சொல்.

இப்படிக்கு,
பேச்சைக் கேட்கக் கடினமான உன் அம்மா