இரண்டாவது கோடு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், கை ஓடவில்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்து, கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி சின்னப் பெட்டி ஒன்று செய்திருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கும் அதைச் சரியாகப் பயன்படுத்த வருகிறதா என்று பார்க்க ஆள் தேடினார்கள், பக்கத்து வீட்டு டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. புது மிக்ஸியை முதல் நாளே புகைய வைத்தவள் ஆயிற்றே நான், "பாவம் அந்தக் கம்பெனிக்காரன், கடையை மூடிட்டுப் போயிடப்போறான்" என்றார். அங்கே சின்ன அறை, ஒரு மேஜை, மேலே கேமரா. எதிரே இருந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். "உங்களை டெஸ்ட் பண்ணலைம்மா, இந்தப் பெட்டியைத்தான் பண்றோம்" என்றாள். ஆனால் நான் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாளாம், நான் மட்டும் மனசில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டுமாம். சும்மாவே ஓயாத வாய், கேட்கவா வேண்டும்! தாளில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, பெட்டியில் இருந்த பட்டையை என் சிறுநீரில் நனைத்து வைத்தேன். ஒரு கோடு என்றால் பயமில்லை, இரண்டு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது. நீ உண்டானபோது உனக்கு இரண்டு கோடு வந்த அன்று நாம் போட்ட ஆட்டம் ஞாபகம் வந்தது குட்டி. தாளை எடுத்து முதலிலிருந்து மறுபடியும் சத்தமாகப் படித்தேன்.

எதையாவது சொதப்பியிருப்பேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் வீடு வந்தேன். நேற்று அந்தப் பெண்ணே போன் செய்தாள். கேமராவில் பதிவானதை முழுக்கப் பார்த்தார்களாம், வந்தவர்களில் பாதிப் பேர் எங்கேயாவது தடுமாறியிருக்கிறார்களாம். "நீங்க ஒண்ணுகூடத் தப்பாப் பண்ணலைம்மா, அதான் சொல்றேன், தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க" என்றாள். ஒரு காரியத்தைப் பிசகில்லாமல் செய்தது இதுதான் முதல் தடவை, அதுவா இப்படி வந்து விடிய வேண்டும்? கிட்னி கெட்டுப்போய் உன் பெரியம்மா பட்ட பாடெல்லாம் கண்முன்னாலேயே நிற்கிறது. பயமாக இருக்கிறதடி. அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "தப்பாத்தான் பண்ணியிருப்பே, உனக்கு எது ஒழுங்கா வந்திருக்கு" என்று அடுப்படிக்கும் கூடத்துக்கும் என் பின்னாலேயே திட்டிக்கொண்டு வருகிறார். திட்டுகிற குரல் நடுங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பேச்சுக்குத்தான் சண்டை போட்டிருக்கிறேன், இப்போது அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குள் பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடாதே. தலைவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்குவதை நிறுத்து, அது கிட்னிக்கு ஆகாதாம், தண்ணீர் நிறையக் குடி. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் செய். ஆறுதலெல்லாம் வேண்டாம். அம்மாவுக்கு எதுவும் ஒழுங்காக வராது என்று நீயும் ஒரு தடவை சொல், போதும்.

இப்படிக்கு,
எதைத் தொட்டாலும் சொதப்பிவிடும்
உன் அம்மா