ஒன்போட் போதுமாம், மச்சான்

மச்சான்,

நேற்று டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நின்று கத்திவிட்டேன். விலையைக் கேட்டுக் கத்தவில்லை. திரையில் அலை அடித்ததைப் பார்த்துக் கத்தினேன்.

என் மகள் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறாள் அல்லவா, படிப்புக்கென்று சொல்லி விளையாட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேட்டாள். இந்தத் தில்லுமுல்லு எந்த வழியில் வந்த ரத்தம் என்று உனக்குத் தெரியும். கடைக்காரன் எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கார் ரேஸை ஓடவிட்டான். பாதை கடற்கரைப் பக்கம் திரும்பியதும், "தண்ணியப் பாருங்க அங்கிள், உண்மையான கடல் மாதிரியே இரிக்கு" என்றான். "நிப்பாட்டும் அத!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் மவுஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவன் பயந்துபோய், "கிராபிக்ஸ் காட் வாணாமெண்டா விடுங்க அங்கிள். இந்தக் காலத்தில ஒன்போட் போதும்" என்றான்.

அதுதான் மச்சான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வசனத்தை உன் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் துவக்கோடு நின்றான்.

கடல் உன் வீட்டையும் உன் அக்காவையும் கொண்டுபோன பிறகு, கல்லடியிலிருந்து உடுத்த ஒற்றைச் சாரத்தோடு நாவற்குடாவுக்கு, என் வீட்டுக்கு வந்தாய். உன் வீடியோக் கடையில் மிஞ்சியது பெயர்ப்பலகை மட்டும். அதுவும் யாருடையதோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிட்டது. பிறகு என் முன் அறையில் நாம் இருவரும் கேம் கடை போட்டோம். பொடியனுகள் வீதியில் நின்றால் வீடு திரும்புவார்களா என்று தாய்மார் நெஞ்சில் கைவைத்த காலம். நம் கடைக்குள் இருந்தால் நிம்மதி என்று அவர்களே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். சுடுகிற விளையாட்டுகளுக்கு மட்டும் நீ தடை போட்டிருந்தாய். ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்டால் ரோந்து போகிறவர்களும் விளையாட வந்துவிடுவார்கள் என்பாய். ஆகவே கிரிக்கெட், கார் ரேஸ், அவ்வளவுதான்.

நம்மிடம் இருந்த மெஷின்கள் எல்லாம் ஒன்போட். படம் காட்டும் வேலையும் மதர்போட்டோடு ஒட்டிப் பிறந்தது. கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் ஓடிவரும்போது நடுவில் நின்று யோசிப்பான். உனக்கு ஒரு மெஷினுக்காவது தனிக் கிராபிக்ஸ் காட் வேண்டும். நானோ எதிர்க்கட்சி. கரண்ட் போனால் யூ.பி.எஸ். தாங்காது, வாவிக் காற்றின் உப்பு தின்றுவிடும், கிரிக்கெட்டுக்கு ஒன்போட் போதும் என்று முழங்கினேன். அந்தக் காலத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பற்றித் தெரிந்ததெல்லாம் வேலை முடிந்ததும் அதைத் துணியால் மூடவேண்டும் என்பதுதான். ஆனாலும் முழங்கினேன்.

"ஒன்போட்டுக்கு எண்டு சொந்தமா ஒண்டும் இல்ல மச்சான்" என்றாய் நீ. "ரேமில பங்கு கேட்டு வாங்கித்தான் படம் காட்டும். மற்றவன்ட சட்டிக்குள்ள கைவிட்டுத் தின்னுற சீவியம். எனக்கு அது இனி வாணாம்."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. "அண்ணன் எங்கட சோத்தையா சொல்றார்?" என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ தங்கச்சி, நான் கம்ப்யூட்டரச் சொல்றன்!"

அவள் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. உனக்கென்று ஒரு பொருள், யாரிடமும் பங்கு கேட்காமல் ஓடுகிற ஒன்று வேண்டியிருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் ரேமைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கொழும்புக்குப் போய் வாங்கினாய். லொட்ஜிலிருந்து போன் எடுத்து, புதுமாப்பிள்ளை குரலில், "மச்சான், சாமான் கிடைச்சிட்டு. ஆனா ஒரு கரைச்சல். பெட்டியில ஒரு பொம்பிள பெரிய துவக்கோட நிக்காள்" என்றாய்.

அந்தக் காட் பெட்டிகள் அப்போது அப்படித்தான். கவசம் போட்ட ஒருத்தி, தோளில் பீரங்கி அளவு துவக்கு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டார்கள். அதை மட்டக்களப்பு அடையாள அட்டை வைத்திருக்கிற ஒருவன் சோதனைச் சாவடிக்குள் கொண்டுபோக முடியுமா? நீயே யோசித்து, பெட்டியை லொட்ஜ் குப்பையில் போட்டுவிட்டு, காட்டை மட்டும் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாய்.

வழியில் எல்லாரையும் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். துவாயை விரித்தால் ஒரு சர்க்கிட், நடுவில் ஒரு விசிறி. பெட்டியும் இல்லை, பெயரும் இல்லை. பெட்டியோடு வந்திருந்தால் துவக்குப் படம். பெட்டி இல்லாமல் வந்ததால் குண்டுச் சாமான். மற்ற ஊர்க்காரர்கள் ஒன்போட்டா காட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நமக்குக் கிடைத்த தெரிவு பெட்டியா துவாயா என்பதுதான். எதை எடுத்திருந்தாலும் குற்றவாளி! இதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

பஸ் உன்னை விட்டுவிட்டு வந்தது. பொழுதுபட்டும் உன்னைக் காணாததால், கொழும்பில் உனக்கு ஒருத்தி இருப்பதாக எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முடிவாகிவிட்டது. அவளுக்குப் பெயர்கூட வைத்தார்கள். நானும் மனைவியும் வாசலில் நின்றோம். பொம்பிளைக் கதை உண்மையாக இருக்கக்கூடாதா என்று நான் அன்றைக்குக் கும்பிடாத சாமி இல்லை.

மறுநாள் மத்தியானம் வந்தாய். முகம் வீங்கவில்லை, கை கால் சரி. ஆனால் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாய், அவ்வளவு கோபம்.

"அடிச்சவங்களாடா?"

"இல்ல. ஆமியில பெரியவர் ஒராள் வந்தார். அவருக்குச் சாமான் விளங்கும். என்ன கேமுக்கு எண்டு கேட்டார். கிரிக்கெட் எண்டன். கிரிக்கெட்டுக்கு இது என்னத்துக்கு, ஒன்போட் போதும்தானே எண்டு தமிழிலயே சொல்லிச் சிரிச்சார்."

"மறுகா?"

"மறுகா என்ன மறுகா! புலியெண்டு சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பன்டா. ராவு முழுக்க மர வாங்கில இருத்திவைச்சுப்போட்டு, எனக்கு என்ன போதுமெண்டு அவர் சொல்றார்!" என் பக்கம் கிறுகிப் பார்த்தாய். "அதுவும் உன்ட வசனம். அப்பிடியே உன்ட வசனம்."

உள்ளே குண்டு இருக்கிறதா என்று விசிறியைக் கழற்றிப் பார்த்தவர்கள் திருகாணிகளில் ஒன்றைத் திருப்பித் தரவில்லை. நீ செப்புக் கம்பியால் கட்டினாய். இருந்தவரைக்கும் அந்தக் காட் இளைப்பு வருத்தக்காரர் மாதிரி கரகரத்தது.

ஆனால் ஓடியது, மச்சான். பந்து போடுகிறவன் யோசிக்காமல் ஓடிவந்தான். புல் புல்லாகத் தெரிந்தது. பிறகு கார் ரேஸைப் போட்டு, முதலாளி என்ற தோரணையில் நீயே உட்கார்ந்தாய். ஒரு வளைவில் பாதை கடற்கரைக்கு இறங்கியது. ஒன்போட்டில் அது வெறும் நீலம். இப்போது அலை எழும்பியது, வெயில் பட்டு மினுங்கியது, கரைக்கு வந்தது. நீ கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாய். கார் தானாக ஓடிச் சுவரில் முட்டியது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நீ திரையைப் பார்க்காமல், "மச்சான், அந்தத் தண்ணியக் கொஞ்சம் குறை" என்றாய்.

செட்டிங்ஸில் தேடினேன். தண்ணீருக்கென்றே ஒரு வரி இருந்தது. ஆகக் குறைந்ததில் வைத்தேன். கடல் மறுபடி நீலப் பெயின்ட் ஆகியது. "இப்ப சரி" என்று நீ காரை எடுத்தாய். இதுக்கு ஒன்போட்டே போதுமாயிருந்ததே என்று என் நாக்கு நுனியில் வந்து நின்றது. என் வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே பகிடி அது.

பிறகு சண்டை முடிந்தது. சாவடி இருந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். பெட்டியிலுள்ள அந்தப் பொம்பிளை துவக்கோடு டவுன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தைரியமாக நிற்கிறாள். அவளை யாரும் பஸ்ஸிலிருந்து இறக்குவதில்லை. திருகாணியை யாரும் கொண்டுவந்து தரவுமில்லை, மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. நீயும் சீனி வருத்தத்தை எந்த டொக்டருக்கும் காட்டாமல் வைத்திருந்து செத்துப்போய்விட்டாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். வரிசையில் நில்.

நேற்று அந்தக் கடைக்காரனிடம், "எனக்கு எது போதுமெண்டு நீர் சொல்லவேணாம். காட்டைப் போடும்" என்றேன். வாழ்நாள் எதிர்க்கட்சிக்காரன் கட்சி மாறியதைப் பார்த்து மகள் வாயைப் பிளந்தாள். வீட்டில் கம்ப்யூட்டரைப் பொருத்தியதும், அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து நான் செட்டிங்ஸுக்குள் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்து விளையாடிப் பார்த்தவள், "என்னப்பா இது? இவ்வளவு காசுக்குக் காட் போட்டும் கடல் பெயின்ட் அடிச்ச மாதிரி இரிக்கு" என்றாள்.

"மாமா குறைச்சு வைக்கச் சொன்னவர்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கடலை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.