ரோசம்மா காட்டிய கை

1927 ஆகஸ்டு 9, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. எக்ஸ்ரே அறை முழுக்க ஈரவாடை. கதிர்க் குழாய் மறுபடி இறுகிவிட்டது. உள்ளே வாயு குறைந்துபோனால் இப்படித்தான். கதிர் எலும்பையும் துளைத்துக்கொண்டு போய்விடும், படத்தில் ஒன்றும் நிற்காது. பக்கக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் சுட வைத்துக் கொஞ்சம் வாயு உள்ளே விட வேண்டும். கூடினாலும் கெட்டது. என் ஒரு கை விளக்கில், ஒரு கை சுவிட்சில். கதிரின் பதம் பார்க்க, ஒளித்திரைக்கு முன்னால் கை நீட்ட என் மனைவி ரோசம்மா. இதே ஆஸ்பத்திரியில் ஆயா. ஆறு வருஷமாக அவள் இடது கைதான் எனக்கு அளவு.

இன்று கட்டோடு நீட்டினாள். விரல் புண் ஆறவே இல்லை.

"தரை கழுவுற கார்பாலிக் தண்ணிதாங்க அரிக்குது. சீக்கிரம் பாருங்க, வார்டுல தேடுவாங்க லா."

டுரியான் துங்கால் ரப்பர் தோட்டத்து ஆள், கால் முறிவு. படம் சுத்தமாக வந்தது.

ஆகஸ்டு 11, வியாழன்
வெயில். வாங்க: விளக்குத் திரி, ஸ்பிரிட், கட்டுத் துணி.

ரோசம்மாவின் கையை வெள்ளைக்கார டாக்டர் துரை பார்த்தார். கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு விரல் எடுக்க வேண்டுமாம். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். கார்பாலிக் இல்லை, கதிர் சுட்ட புண் என்றார். யார் அவள் கையை அங்கே நீட்டச் சொன்னது என்று கேட்டார்.

வெளியே ரோசம்மா. "துரை என்ன சொன்னாரு?"

"தண்ணியில கை வைக்கக் கூடாதாம்."

பாவி நான்.

ஆகஸ்டு 13, சனி
விரல் எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்து அவள் முதலில் கேட்டது: "அங்க இப்ப யாரு கை காட்டுறா?"

பின்கட்டுக்குப் போய் அழுதேன். தோட்டி முனியன் பார்த்துவிட்டான். "சபார் லா, பொறுமையா இருங்கண்ணே. உசுரு இருக்குல்ல." அவனுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்டு 21, ஞாயிறு
மாதா கோயிலில் பூசை. பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லு" என்றார் சாமியார். வீடு திரும்பும் வழியெல்லாம் ரோசம்மா மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். சொல்லவில்லை. அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று பயம்.

ஆகஸ்டு 24, புதன்
புதுக் குழாய் வந்தது. பெட்டி நிறைய வைக்கோல். நல்லவேளை, உடையவில்லை. பொருத்த மத்தியானம் ஆயிற்று. விளக்கை ஏற்றும்போது ரோசம்மா சோற்றுத் தூக்கோடு வந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்காமல் வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கை இருக்கு லா. சுவிட்சைப் போடுங்க."

போடவில்லை. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், சாமியாரிடம் போனதையும்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"விரல் எடுக்கிறதுக்கு முந்தியே."

"விரல் போனது தெரியாமப் பண்ணதுங்க. அதுக்கு நான் என்ன சொல்ல. சாமியாருக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்ல வாய் வரலையா?"

தொடப் போனேன். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.