ஒரு டம்ளர் குறைகிறது

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் பல்கூட விளக்காமல் கொட்டகைக்குப் போய் வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கூலன்ட் டப்பாவில் சிவப்புத் தண்ணீர் மறுபடியும் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருக்கிறது. சனிக்கிழமைதான் மேல்கோடு வரை ஊற்றினேன். அடியில் விரித்துவைத்த செய்தித்தாள் காய்ந்து மொறமொறவென்று அப்படியே கிடக்கிறது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் அது. குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே சமதரையில் போய் வரும்வரை சமாளிக்கலாம். மலை ஏற முடியாது.

எனக்கு மலை ஏற வேண்டும். மலை ஊரில் இருக்கும் எங்கள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் இரண்டாவது நாற்காலியிலேயே உட்கார்ந்து முதுகு பழகிவிட்டது. ஏப்ரல் ஆறாம் தேதி சேர வேண்டும். ஊற்று ஊற்றாக, தொட்டி தொட்டியாகப் போய்த் தண்ணீர் எடுத்துவர வேண்டிய வேலை. சொந்த வண்டி இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. திங்கள் காலை ஏறினால் வெள்ளி மாலை இறங்கலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார். முகம் கோணவில்லை. தொட்டிக் கண்ணாடியைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை.

மார்ச் 9, திங்கள்

மெக்கானிக்கிடம் விட்டேன். குனிந்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வண்டி தண்ணி போடுதும்மா" என்றார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், "ராத்திரிலயா, பகல்லயா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

டப்பாவின் மூடி தளர்ந்திருக்கலாம், ஆவியாகப் போகலாம் என்று புது மூடி போட்டிருக்கிறார். ஒரு ரப்பர் குழாயும் மாற்றினார்.

ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "ஊர்த் தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றீங்க மேடம், சொந்த வண்டித் தண்ணி எங்க போகுதுன்னு தெரியலையா?" தெரியவில்லை. கேலி செய்கிறவர்களுக்கும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

புது மூடி. புதுக் குழாய். அதே கீழ்க்கோடு.

மார்ச் 17, செவ்வாய்

இன்று காலை அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட வந்தார். நடைப்பயிற்சி முடித்து வந்த வேர்வையோடு. நான் குனிந்து பார்க்கிற இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார். கை ஆடவில்லை. ரேடியேட்டர் ஓரம், பம்ப்பின் அடி, குழாய் மூட்டுகள் எல்லாம் காய்ந்து, தூசி படிந்து கிடந்தன.

"விடு, அதும் வயசான வண்டிதானே" என்றார்.

வெகுநாள் கழித்து நாங்கள் இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் படிக்க வெளியூர் போனபிறகு, எங்களுக்குள் பேச்சென்று இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். இது ரிப்பேர் ஆனதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிற அளவுக்கு ஆகிவிட்டதா நம் நிலைமை?

துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். மீன்தொட்டித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற நீளக் குழாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உள்பக்கம் லேசான ரோஸ் நிறம். கேட்டேன். மீனுக்கு மருந்து போட்டாராம். பாவம், மீனுக்கும் உடம்புக்கு வருகிறது.

மார்ச் 22, ஞாயிறு

மலை ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் புறப்பட்டேன். நேற்று சாயங்காலமே மேல்கோடு வரை நிரப்பி, இரண்டு தடவை சரிபார்த்து மூடினேன். காலையில் திறந்து பார்க்கவில்லை. ஒரே ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது?

நான்காவது வளைவிலேயே சூடு காட்டும் முள் எழும்ப ஆரம்பித்தது. ஐந்தாவதில் சிவப்புக்கு வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஒட்டி உரசினாற்போல் போயிற்று. கல்லின்மேல் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

வாடகை வண்டி பிடித்துத் தண்ணீர் கேனோடு வந்தார். அவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நினைக்கவில்லை. திட்டவில்லை. "பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டு முதுகில் கை வைத்தார். அழுகை வந்தது. அந்தக் கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

வீடு பார்க்காமலே திரும்பினோம்.

மார்ச் 26, வியாழன்

மெக்கானிக் பம்ப்பை மாற்றிவிட்டார். பிறகு காற்றுப் பம்ப் போல ஒரு கருவியை டப்பாவில் பொருத்தி, உள்ளே அழுத்தம் ஏற்றிவைத்தார். எங்காவது ஓட்டை இருந்தால் முள் இறங்க வேண்டும். ஒரு டீ குடித்தோம். அவருடைய மாமனார் வீட்டுச் சண்டை முழுக்கக் கேட்டேன். முள் நகரவே இல்லை.

"நிக்குதேம்மா. குத்துக்கல்லு மாதிரி நிக்குது. வீட்ல யாராச்சும் எடுத்துக் குடிக்கிறாங்களா?"

அவருக்கே சிரிப்பு வரவில்லை. இனி ஒரே வழிதான் இருக்கிறது என்றார். எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளுக்குள்ளேயே கசிந்து, எரிந்து, புகையாகப் போகலாமாம். அப்படியென்றால் வெளியே ஒரு தடயமும் இருக்காதாம். பிரித்து, கடைந்து, பூட்ட மூன்று வாரம் ஆகும். "அப்பவும் சரியாகும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஆறாம் தேதிக்குள் முடியாது.

மார்ச் 30, திங்கள்

மலை ஊர் வேலையை ஏற்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வண்டிக்காகவா?" ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எழுதுவதற்கு முன்பு நேற்று அவரிடம் கேட்டேன். என்ன செய்யட்டும் என்று நேராகவே கேட்டேன்.

"நான் என்ன சொல்ல? வண்டி இப்படி இருக்கு. அந்த ரோடு வேற அப்படி. அப்புறம் உன் இஷ்டம்."

இன்று சாயங்காலம் நான் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கூட சரியாக இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று அங்கே சேர்ந்திருப்பேன். எனக்குப் பிறகு வேலைக்கு வந்த ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். போன் செய்து வாழ்த்தினேன். "குளிருது மேடம்" என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

கூலன்ட் குறையவில்லை. போன வாரம் ஊற்றியது மேல்கோட்டிலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை எஞ்சினைப் பிரிக்கக் கொடுப்பதாக இருந்தேன். ஒரு வாரம் பார்க்கலாம்.

ஏப்ரல் 27, திங்கள்

இன்னும் குறையவில்லை.

மெக்கானிக்கிடம் சொன்னேன். காதைச் சொறிந்தார். "சில வண்டிக்குக் கோவம் வரும்மா. அப்புறம் தானா சமாதானம் ஆயிடும். இப்பப் போய் பிரிக்காதீங்க." நான் படித்த படிப்புக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

சமாதானம் ஆக ஒரு மாதம் முன்னாலேயே ஆகியிருக்கக்கூடாதா இந்தச் சனியன்? நான் கேட்டதெல்லாம் எப்போதும் இப்படித்தான். பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு பரிமாற வருகிறது.

மே 3, ஞாயிறு

மகள் போனில். வண்டி சரியாகிவிட்டது என்றதும், "அப்போ வேலைக்குப் போயிருக்கலாமே" என்றாள். நேரம் அப்படி, அப்பாகூட உன் இஷ்டம் என்றுதான் சொன்னார் என்றேன்.

சிரித்தாள். "அம்மா, அப்பா உன் இஷ்டம்னு சொன்னா வேணாம்னு அர்த்தம். எனக்கு எட்டு வயசுலயே தெரியும். டூர் போறதுக்குக் கேட்டேன், உன் இஷ்டம்னார். கிளம்புற அன்னிக்கு என் ஷூவைக் காணோம். ஞாபகமில்ல?"

ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அலமாரி மேலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுத்தார். எலி இழுத்திருக்கும் என்றோம். அலமாரி மேலே.

மே 5, செவ்வாய்

நான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறேன் என்றபோதும் உன் இஷ்டம்தான். அந்த மாதமே அவருக்கு முதுகுவலி வந்தது. கட்டிலைவிட்டு இறங்க முடியாத வலி. சேரும் தேதி போனபிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. டாக்டர் படமெடுத்துப் பார்த்தார், எலும்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமல் எப்படி வலிக்கும் என்று டாக்டரிடம் சண்டை போட்டவள் நான்.

சீ. என்ன புத்தி இது. கேனைத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஓடி வந்த மனுஷனைப் போய். முதுகுல கை வச்ச மனுஷனை.

முதல் மணியிலேயே எடுத்தார்.

மே 6, புதன்

மீன் மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து நீல நிறம்.

மே 10, ஞாயிறு

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும்போது சந்தேகம் வந்தால் ஒன்று செய்வோம். முடிவு நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியைச் சத்தமில்லாமல் நடுவில் வைத்து, பரிசோதிப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

நேற்று சாயங்காலம் அவர் கடைக்குப் போயிருந்தபோது, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் டப்பாவிலிருந்து ஒரு டம்ளர் கூலன்ட்டை நானே எடுத்து, பாட்டிலில் அடைத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அவர் நடந்துவிட்டு வந்ததும், "என்னங்க, கை ஈரமா இருக்கு, வண்டியில தண்ணி இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். அப்படியே நின்றார். டப்பாவை ஆட்டிப் பார்த்தார். மண்டியிட்டுக் கீழே பார்த்தார், எழுந்து மறுபடி மேலே பார்த்தார். இத்தனை வாரம் என்னோடு நின்று பார்த்தபோது இதில் ஒன்றையும் அவர் செய்ததில்லை. டார்ச் பிடித்த கை ஆடியதில்லை. இன்று ஆடியது.

வெளியே போனேன்.

"குறைஞ்சிருக்கு" என்றார். "இருக்க முடியாதே."

"ஏன் முடியாது? அத்தனை நாளா குறைஞ்சுதுதானே?"

"இல்ல... அது... இப்ப எப்படி?"

அவ்வளவுதான் கேட்டார். இப்ப எப்படி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் டப்பாவைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மே 11, திங்கள்

கேட்கலாமா? கேட்டால் என்ன சொல்வார்? நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு சொல்வார். அதைச் சொல்லியிருந்தா போகாமலே இருந்திருப்பேனே. சந்தோஷமாவே இருந்திருப்பேன். ஒரு வாய் வார்த்தை. அதுக்குப் பதிலா அந்த வளைவுல, அந்தப் பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல—

கொஞ்சமாகத்தான் எடுத்திருப்பார். பயமுறுத்த மட்டும். கொஞ்சம் என்று அவருக்கு எந்த அளவு தெரியும்?

மே 13, புதன்

கொட்டகையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. நான் விரிக்கவில்லை.

மே 16, சனி

அவரே மெக்கானிக்கிடம் போய்வந்திருக்கிறார். மெக்கானிக் எனக்குப் போன் செய்து, "சார் ரொம்பக் குழம்பிட்டாரும்மா. ஒரே ஒரு டம்ளர் எப்படிங்க குறையும்னு என்னையே கேள்வி கேக்குறார். நீங்கதான் அவருக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

சாப்பிடும்போது அவர் தலை நிமிரவில்லை. "அது போறதுக்கு வழியே இல்ல" என்று தட்டிடம் சொன்னார். கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

மே 17, ஞாயிறு

மலை ஊர் இனி இல்லை. அந்தப் பெண் நன்றாகச் செய்கிறாள், அவளை மாற்ற மாட்டார்கள். தலைமைக் கூடத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்று காலி என்று கேள்விப்பட்டேன். இங்கே பார்க்கிற அதே வேலைதான் அங்கேயும், சம்பளமும் இதே. ஒரு ராத்திரி ரயில் பயணம். பெண்கள் விடுதி ஒன்று பக்கத்தில் இருக்கிறதாம், அறைக்கு மூன்று பேர். இந்த வயதில் விடுதிக் கட்டில். கேட்டாலும் கிடைப்பது சந்தேகம்தான். கிடைத்தாலும் அங்கே ஏதோ விடிந்துவிடப் போகிறது என்று நினைக்கவில்லை.

இருந்தாலும் நாளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும்கூட. அவரிடம் கேட்கப்போவதும் இல்லை. கேட்டால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுவார்.

வண்டிச் சாவியை அவரிடமே விட்டுவிட்டுப் போவேன். கைப்பையில் இருந்த பாட்டிலை வெள்ளிக்கிழமையே பரிசோதனைக் கூடத்தின் கழிவுத் தொட்டியில் கொட்டிக் கழுவிவைத்துவிட்டேன். இதை எழுதுகிற இந்த நேரத்தில் கொட்டகையில் டார்ச் வெளிச்சம் அசைகிறது. தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு டம்ளர் எங்கே போயிற்று என்று மட்டும் நான் சொல்லப்போவதில்லை.