தொட்டிமேல் போட்ட வெள்ளைத் துணி

அன்பு மகள் ரீஹாமுக்கு அம்மா எழுதுவது. பெருநாளுக்கு முந்தின நாள் நம் கடையில் வாங்கிய திர்மிஸ் பருப்பைத் தின்று தையற்காரி ரஜா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், மற்றபடி இங்கே எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஹாம்பர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பட்டறையில் வேலை பார்க்கும் இத்ரீஸ் எந்நேரமும் பக்கத்தில் நிற்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பட்டறையில் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். பருப்பை வேகவைத்துத் தொட்டியில் போட்டு, கசப்பு இறங்கும்வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்போம், கசப்போடு விஷமும் போகும். இத்ரீஸ் ஒன்றைக் கடித்துப் பார்த்து, சரி என்றால் அந்தத் தொட்டிமேல் வெள்ளைத் துணி போடுவார், ஆகாததன்மேல் சாக்கு. இதற்குமேல் எழுத்து ஏதும் கிடையாது, தள்ளுவண்டியில் விற்ற காலத்திலிருந்து அதுதான் வழக்கம். இந்த முறை உன் சித்தி ஃபிக்ரிய்யா பெருநாளைக்கு வீட்டைக் கழுவ வந்தவள் பட்டறைக்குள்ளும் புகுந்து, துணி சாக்கு எல்லாவற்றையும் உருவித் துவைத்துக் காயப்போட்டு, கைக்கு வந்ததை வந்த தொட்டிமேல் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். கேட்டால், "பெருநாளும் அதுவுமா அந்த நாத்தத்தை எவ பாத்துக்கிட்டு இருப்பா?" என்கிறாள். இத்ரீஸ் வந்தார், வெள்ளைத் துணியைப் பார்த்தார், அள்ளிப் பொட்டலம் கட்டினார். நோன்பு வைத்த வாய், கடித்துப் பார்க்கவில்லை. நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று இமாமே சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த மனிதர் எச்சில் விழுங்கவே யோசிப்பவர்.

ரஜாவுக்குக் கொஞ்சம் கசந்திருக்கிறது. இந்த வருஷத்துப் பருப்பு இப்படித்தான் போலிருக்கிறது என்று எலுமிச்சையும் சீரகமும் கூடப் போட்டுக்கொண்டு, டிவி நாடகம் பார்த்தபடி முழுப் பொட்டலத்தையும் தின்றிருக்கிறாள். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, எதிரே நின்ற புருஷன் முகம் தெரியவில்லையாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஊசிக் காது தெரியலன்னா எனக்குச் சோறு ஏது?" என்றாள். இப்போது பார்வை திரும்பி நூல் கோக்கிறாள், ஆனால் விளக்கைப் பார்த்தால் இன்னும் கண்ணைச் சுருக்குகிறாள். அதே தொட்டியிலிருந்து வேறு யாருக்குப் போனது என்று எவருக்கும் தெரியாது. தெருத்தெருவாகக் கதவைத் தட்டிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினேன், சிலர் சிரித்தார்கள், ஒருத்தி கதவே திறக்கவில்லை. திறக்காத அந்தக் கதவுதான் கண்ணுக்குள் நிற்கிறது. யாராவது கடை வாசலில் செருமினால்கூட ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

கடையைச் சாத்தி வைத்திருக்கிறேன். வசந்தத் திருநாளுக்கு ஊர் முழுக்கத் திர்மிஸ் கேட்கும், திறக்காவிட்டால் எதிர்த்த கடைக்காரன் என் வாடிக்கையை வாரிக்கொள்வான், திறந்தால் இன்னொரு ரஜா விழுவாளோ என்று பயம். உங்கள் மருந்துக் கம்பெனியில் ஒவ்வொரு வேலையையும் படிப்படியாக எழுதிவைத்து, செய்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி என்றாயே, அதைப்போல நமக்கும் ஒன்று எழுதி அனுப்பு. பெரிய பெரிய வார்த்தை வேண்டாம், இத்ரீஸ் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஃபிக்ரிய்யா மாதிரி யார் உள்ளே வந்தாலும் எதைத் தொடக்கூடாது என்பது முதல் வரியில் வரட்டும். துணி அடையாளம் இனி வேண்டாம், தொட்டியிலேயே பெயின்டால் எண் எழுதிவிடுகிறேன்.

சிக்கல் இத்ரீஸ்தான். அவர் வேலை செய்வதைப் போனில் படம்பிடிக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் வேலையை அந்தப் பெட்டிக்குள்ள புடிச்சு வச்சுக்கிட்டு, நாளைக்கு என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லவா முதலாளியம்மா?" என்றார். பொய் சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நானிருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். அவர் கோபித்துக்கொண்டு போனால் எனக்குக் கடையே இல்லை, அவர் தலைக்குள் மட்டும் எல்லாம் இருந்தாலும் கடை இல்லை. இரண்டு பக்கமும் பயந்துகொண்டு நடுவில் நிற்கிறேன்.

உன் கை பட்டதெல்லாம் விளங்கட்டும், உன் வீட்டில் சிரிப்பு குறையாதிருக்கட்டும். வெளியே வாங்கித் தின்னும்போது கசந்தால் துப்பிவிடு, வெட்கப்படாதே. வெள்ளிக்கிழமை ரஜாவுக்கு ஒரு போன் போட்டு விசாரி.

உன் அம்மா,
சனிய்யா
தமன்ஹூர்

பி.கு. கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் இத்ரீஸ் வந்தார், ரஜாவும் கூட வந்தாள், அவளை நடுவில் உட்காரவைத்துப் பேசி முடித்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம், படமும் பிடிக்கலாம். தாளின் தலையில் அவர் பெயர் இருக்கும். கை நடுங்கி வேலை செய்ய முடியாமல் போனாலும் அவர் சம்பளம் நிற்காது. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொல்லி, அவர் கடித்துப் பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தொட்டியும் விற்பனைக்குத் திறக்காது. எந்தத் தொட்டி திறந்தாலும் முதல் பிடியை ரஜாவின் கண்முன்னால் நான் தின்ன வேண்டும். கடைசி நிபந்தனை ரஜா போட்டது, அதற்கும் சரி என்றேன்.